வாக்கி-டாக்கி சேனலில் தொந்தரவா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

“நம்ம சேனல்ல யாரோ புகுந்துட்டாங்க.” செட்டுகளை ஆட்களுக்குக் கொடுத்து, திரும்ப வாங்கி, பராமரிக்கும் வேலையில் நான் அதிகம் கேட்ட புகார் இதுதான். போய்ப் பார்த்தால் புகுந்தவர் பெரும்பாலும் வெளியாள் இல்லை. நம் ஆளே ஒருவர், பைக்குள் பேசும் பொத்தான் அமுங்கிக் கிடப்பது தெரியாமல் மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பார். அல்லது காலையில் அவசரமாகக் கொடுத்த செட்டில் டோன், அதாவது நம் குழுவின் பேச்சை மட்டும் காதில் விடும் அடையாள ஒலி, போட மறந்திருப்போம். மற்ற நேரங்களில் உண்மையிலேயே இன்னொரு குழு அங்கே இருக்கும். பொதுச் சேனல் என்றால் அவர்களுக்கும் நமக்கு இருக்கும் அதே உரிமை உண்டு.

அதனால் எடுத்த எடுப்பில் சேனலை மாற்றாதீர்கள். இருபது பேரிடம் செட் இருந்தால், மூன்று பேர் பழைய சேனலிலேயே நிற்பார்கள். பிழை ஒன்று இரண்டாகும். முதலில் என்ன கேட்கிறது, எப்போது கேட்கிறது, யாருக்குக் கேட்கிறது என்று பாருங்கள். ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் எழுதியிருக்கிறேன்.

## எதற்கும் முன்னால் மானிட்டர் பொத்தான்

பெரும்பாலான செட்டுகளில் பேசும் பொத்தானுக்குக் கீழே இன்னொரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அமுக்கிப் பிடித்தால், பேச்சு இல்லாதபோது இரைச்சலை அடைத்துவைக்கும் ஸ்குவெல்ச்சும் திறக்கும், டோன் தடுப்பும் விலகும். சேனலில் உள்ளது உள்ளபடி காதில் விழும். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அதை டார்ச் பொத்தான் என்று நினைத்திருந்தார்கள்.

முப்பது விநாடி கேளுங்கள். சீரான ‘ஸ்ஸ்ஸ்’ மட்டும் என்றால் சேனல் காலி. பிழை உங்கள் செட்டில். வேறு ஆட்களின் பேச்சு வந்தால் சேனல் பங்கில் இருக்கிறது. ‘ஸ்ஸ்ஸ்’ நின்று அமைதியாகிவிட்டால் யாரோ பேசாமலேயே பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கிறார். உறுமலோ கடகடவென்ற தாளமோ கேட்டால் மின் இரைச்சல் அல்லது டிஜிட்டல் செட்.

டோனைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் ‘தனிமைக் குறியீடு’ என்று அச்சடித்திருப்பார்கள். அதில் தனிமையும் இல்லை, பூட்டும் இல்லை. டோன், அதாவது சிடிசிஎஸ்எஸ், என்பது பேச்சோடு சேர்ந்து போகும் ஒரு மெல்லிய ஒலி, 67 முதல் 254 ஹெர்ட்ஸ் வரைக்குள் ஒன்று. அந்த ஒலி இல்லாத பேச்சை உங்கள் செட் உங்கள் காதில் போடாது, அவ்வளவுதான். பிறர் உங்களைக் கேட்பதை அது தடுக்காது. பிறர் அதே நேரத்தில் பேசுவதையும் தடுக்காது. டிசிஎஸ் என்ற எண் வகைக் குறியீடும் இதே கதைதான்.

## முன்பின் தெரியாதவர்களின் பேச்சு கேட்கிறது

எல்லாச் செட்டிலும் கேட்கிறதா, ஒன்றிரண்டில் மட்டுமா? ஒன்றிரண்டில் மட்டும் என்றால் அந்தச் செட்டில் பெறும் டோன் போடவில்லை, அல்லது யாரோ மானிட்டரை நிரந்தரமாகத் திறந்துவிட்டார்கள். சில செட்டுகளில் அந்தப் பொத்தானை நீளமாக அமுக்கினால் திறந்தபடியே நின்றுவிடும். அணைத்துப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

எல்லாவற்றிலும் கேட்கிறது, டோனும் போட்டிருக்கிறது. அப்படியானால் அவர்களும் அதே டோனில் இருக்கிறார்கள். தற்செயல் மாதிரித் தெரியும், ஆனால் இல்லை. புதுச் செட்டை வாங்கியவர்கள் முதல் சேனலையும் முதல் டோனையும் விட்டு நகர்வதில்லை. பட்டியலின் நடுவிலிருந்து ஒன்றை எடுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் 100.0 டோனை மட்டும் நான் எடுக்க மாட்டேன். மட்டமான அடாப்டரின் ரீங்காரம் சரியாக 100 ஹெர்ட்ஸில் வந்து டோன் போலவே நடிக்கும்.

விடியற்காலையில் மட்டும், அல்லது ஒரு சில நாள் மட்டும், வெகுதூரத்துக் குரல்கள். வானிலைதான் காரணம். தரையருகே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றும் அடுக்காக நிற்கும்போது அலைகள் வழக்கத்தைவிடப் பல மடங்கு தூரம் போகும். வெயில் ஏறினால் போய்விடும். இதற்காகச் செட்டைப் பிரிக்க வேண்டாம்.

டோன் மாற்றியும் நாள் முழுக்க நெரிசல். இப்போது சேனலை மாற்றலாம். வேலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில், டோன் இல்லாமல், ஒவ்வொரு சேனலையும் பத்து நிமிடமாவது கேட்டபிறகு மாற்றுங்கள். இரவில் கேட்டுவிட்டு ‘ஐந்தாவது காலி’ என்று முடிவு செய்து, மறுநாள் காலை பத்து மணிக்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது ஒருமுறை போதும்.

எல்லாப் பொதுச் சேனலும் நிரம்பியிருந்தால் அடுத்த படி, உரிமம் பெற்ற தனி அலைவரிசை. அதை அலைவரிசை ஒதுக்கும் அரசு அலுவலகம் வழியாகத்தான் வாங்க வேண்டும். செட்டில் எண்ணை அடித்து ‘காலியாக இருக்கிறது’ என்று உட்கார்ந்துகொள்ளக் கூடாது. காலியாகத் தெரியும் இடம் கப்பல்களுடையதாக இருக்கலாம். கடல் சேனல் 16, அதாவது 156.8 மெகா ஹெர்ட்ஸ், உயிர் காக்கும் அழைப்புக்கானது.

## வேறு யாரும் கேட்கவில்லை, ஆனால் நம் பேச்சு அறுந்து அறுந்து போகிறது

என்னை அதிகம் அலையவிட்டது இதுதான். டோன் போட்டாயிற்று, காதுக்கு நிம்மதி. ஆனால் “வாசல்ல… …வண்டி… …ங்க” என்று பாதிதான் வருகிறது. சில சமயம் நடுவில் மெல்லிய விசில் ஒன்று.

நடப்பது இதுதான். பக்கத்துக் குழு அதே சேனலில் வேறு டோனில் பேசுகிறது. உங்கள் செட் அதை உங்களுக்கு மறைத்துவிட்டது. நீங்கள் சேனல் காலி என்று நினைத்து அவர்கள் மேலேயே பேசுகிறீர்கள். எஃப்எம்மில் இரண்டு அலைகள் மோதினால் வலுவானது மற்றதை விழுங்கிவிடும். இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால் விசிலும் கரகரப்பும்தான் மிஞ்சும். அவர்கள் பக்கமும் இதே எரிச்சல். அவர்களும் ‘யாரோ புகுந்துவிட்டார்கள்’ என்றுதான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

உறுதிசெய்வது சுலபம். கூடுதலாக ஒரு செட்டை டோன் இல்லாமல் அதே சேனலில் வைத்து மேசைமேல் நிறுத்துங்கள். பேச்சு அறுபடும் நேரத்தை ஒரு தாளில் குறியுங்கள். அந்த நேரங்களில் எல்லாம் மேசைச் செட்டில் வேறு குரல் வந்தால், காரணம் கிடைத்துவிட்டது.

அப்புறம் செய்ய வேண்டியவை, மலிவானதிலிருந்து:

பேசுமுன் பச்சை விளக்கைப் பாருங்கள். டோன் உங்கள் காதைத்தான் மூடும், பல செட்டுகளில் விளக்கை மூடாது. ஓசையில்லாமல் பச்சை எரிந்தால் வேறு யாரோ பேசுகிறார். இரண்டு விநாடி பொறுங்கள்.

செட்டின் சக்தியைக் குறையுங்கள். இதை யாரும் நம்புவதில்லை. ஒரு கட்டடத்துக்குள் வேலை என்றால் குறைந்த சக்தியே போதும். நீங்கள் குறைத்தால் அவர்களுக்கு உங்கள் தொல்லை குறையும், பேட்டரியும் நிற்கும். அவர்களும் குறைத்துக்கொண்டால் இரு குழுவும் ஒரே சேனலில் ஒன்றையொன்று அறியாமல் வாழலாம்.

அவர்களோடு பேசுங்கள். டோனை நீக்கிவிட்டு, அவர்கள் பேச்சின் இடைவெளியில் மரியாதையாகக் கூப்பிட்டு எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் போதும். அவர்களும் டோனில் இருந்தால் உங்கள் குரல் அவர்கள் காதுக்குப் போகாது. அப்போது நடந்துதான் தேட வேண்டும். இரண்டு கட்டடம் தள்ளி இருந்த ஒரு குழுவோடு பத்து நிமிடத்தில் ‘நீங்கள் இரண்டு, நாங்கள் ஏழு’ என்று பிரித்துக்கொண்டோம். இரண்டு வாரமாகச் செட் பழுது என்று நினைத்திருந்தேன்.

‘சேனல் பரபரப்பாக இருந்தால் அனுப்பாதே’ என்ற அமைப்பு சில செட்டுகளில் உண்டு. பங்குச் சேனலில் நல்லது. ஆனால் பொத்தானை அமுக்கினால் ‘பீப்’ என்று மட்டும் வந்து பேச்சே போகாது. விவரம் தெரியாதவர் செட் செத்துவிட்டது என்று கொண்டுவந்து கொடுப்பார். அவசரத்தில் ஆள் கூப்பிட முடியாமல் போகக்கூடிய வேலையில் இதைப் போடாதீர்கள்.

ஒரு சிக்கல் மட்டும் இதையெல்லாம் மீறி நிற்கும். மேசையில் அவர்கள் குரல் கேட்காது, ஆனால் வாசலில் நிற்கும் ஆளுக்குக் கேட்கும். அவர் அவர்களுக்குப் பக்கம், நீங்கள் தூரம். அதனால் மேசையில் வைத்த செட்டை வாசலிலும் ஒருமுறை வைத்துக் கேளுங்கள்.

## சேனல் மொத்தமாக அடைபட்டுவிட்டது, யாராலும் பேச முடியவில்லை

மானிட்டரில் அமைதி, அல்லது துணி உரசும் சத்தம், அல்லது யாரோ தொலைவில் சிரிக்கும் சத்தம். பேசும் பொத்தான் எங்கோ சிக்கியிருக்கிறது.

சிக்கிய செட் பேசிக்கொண்டே இருப்பதால், அதற்கு நீங்கள் சொல்வது கேட்காது. ரேடியோவில் கத்திப் பயன் இல்லை. போனில் கூப்பிட்டு எல்லோரையும் அவரவர் செட்டின் விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு எரியும் செட்தான் குற்றவாளி. போன் எட்டாதவர்களை நேரில் பாருங்கள். நான் பார்த்தவரை கடைசியாகப் பார்க்கும் பைக்குள்தான் இருக்கும்.

பொத்தான் சிக்கவில்லை, ஆனாலும் சிவப்பு எரிகிறதா? தோளில் மாட்டும் மைக்கைக் கழற்றுங்கள். மழையில் நனைந்த மைக் உள்ளுக்குள் தானே சேர்ந்துகொண்டு பொத்தானை அமுக்கியதுபோல் நடக்கும். கழற்றியதும் சிவப்பு அணைந்தால் மைக்தான். காயவைத்தால் சில நாள் ஓடும், அடுத்த மழையில் திரும்பவும் படுக்கும்; மாற்றிவிடுவது மேல். மைக் இல்லாமலேயே எரிந்தால் குரலுக்குத் தானாகத் திறக்கும் வாக்ஸ் வசதி ஓடுகிறதா என்று பாருங்கள். காற்றடித்தாலே அது திறந்துகொள்ளும். இரண்டும் இல்லையென்றால் பொத்தானின் உள் தகடு அமுங்கிவிட்டது, செட் பழுதுபார்ப்பவரிடம் போகட்டும்.

தொடர்ந்து பேசினால் தானே நின்றுவிடும் நேர வரம்பு என்ற அமைப்பை எல்லாச் செட்டிலும் 60 விநாடிக்கு வைத்துவிடுங்கள். இவ்வளவு மலிவான காப்பீடு வேறு இல்லை.

## உறுமல், ரீங்காரம், கடகடப்பு

சீரான தாளத்தில் இயந்திரத் துப்பாக்கி போல. டிஎம்ஆர் வகை டிஜிட்டல் செட் ஒன்று அதே அலைவரிசையில் பேசுகிறது. அது 30 மில்லி விநாடித் துண்டுகளாக விட்டு விட்டு அனுப்புவதால் சாதாரணச் செட்டில் அப்படிக் கேட்கும். டோன் போட்டால் சத்தம் மறையும், மோதல் மறையாது. அவர்களைக் கண்டுபிடித்துப் பேசுவது அல்லது சேனல் மாறுவது, இரண்டே வழி.

ஒரே இடத்தில் மட்டும், ஒரே நேரத்தில் மட்டும். மின்சாதனம். நான் பிடித்தவற்றில் முதலிடம் எல்இடி விளக்குகளின் டிரைவருக்கு. அடுத்தது மட்டமான சார்ஜர், அப்புறம் கேமரா பதிவுப் பெட்டி, மோட்டாரின் வேகம் மாற்றும் டிரைவ். டோனை எடுத்து, ஸ்குவெல்ச்சைத் திறந்தபடி செட்டோடு நடங்கள். இரைச்சல் ஏறும் பக்கம் போங்கள். பக்கம் வந்ததும் ஒவ்வொன்றாக அணையுங்கள். முடிந்தால் அந்தப் பகுதியின் மெயினையே பேட்டரிச் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு அணைத்துப் பாருங்கள். நின்றால் உள்ளே, நிற்கவில்லையென்றால் வெளியே.

திசை தெரியாவிட்டால் உங்கள் உடம்பே கருவி. செட்டை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து, நின்ற இடத்தில் மெல்லச் சுற்றுங்கள். சத்தம் மிகவும் மங்கும் இடத்தில் நில்லுங்கள். இரைச்சல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது. நடுவில் உங்கள் உடம்பு மறைக்கிறது. வேறு இரண்டு இடத்தில் போய் இதையே செய்தால் கோடுகள் ஓரிடத்தில் வெட்டும். அந்நியக் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்கவும் இதே வித்தைதான்.

சாதனம் கிடைத்துவிட்டால் மாற்றுங்கள், அல்லது அதன் கம்பியில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டிப் பாருங்கள். மின்கம்பத்திலிருந்தோ மின்மாற்றியிலிருந்தோ வருகிறது என்று தெரிந்தால் கிட்டே போகாதீர்கள். மின்வாரியத்துக்கு எழுதுங்கள்.

## ஒரு செட் மட்டும் சரியில்லை

முதலில் ஆளை மாற்றிப் பாருங்கள். நல்ல செட்டை அவர் கையிலும் அவர் செட்டை உங்கள் கையிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பிழை ஆளோடு போனால் பயிற்சி, செட்டோடு போனால் அமைப்பு.

கேட்கிறது, ஆனால் பேசினால் யாருக்கும் போகவில்லை. பெறும் டோனும் அனுப்பும் டோனும் தனித்தனி. அனுப்புவதில் போடவில்லை. இரண்டு நிறுவனத்துச் செட்டுகளைக் கலந்து வைத்திருந்தால் டோனின் வரிசை எண்ணை நம்பாதீர்கள். ஒன்றில் 12 என்பது 100.0 ஹெர்ட்ஸ், பட்டியலில் 69.3-ஐயும் சேர்த்துக்கொண்ட இன்னொன்றில் 100.0 வருவது 13-இல். சேனல் எண்ணும் அப்படித்தான். தாளில் எழுதும்போது எண்ணை விட்டுவிட்டு ஹெர்ட்ஸையும் மெகா ஹெர்ட்ஸையும் எழுதுங்கள்.

குரல் வெடித்து வருகிறது, அல்லது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் சின்னதாக. ஒரு செட் 25 கிலோ ஹெர்ட்ஸ் சேனல் அகலத்திலும் மற்றது 12.5-இலும் இருக்கிறது. அகலமானது பேசினால் குறுகியதில் வெடிக்கும். குறுகியது பேசினால் அகலமானதில் முணுமுணுக்கும். மெனுவில் ஒரே அகலமாக்குங்கள். அதற்கும் முன்னால் மைக் துளையில் தூசி அடைத்திருக்கிறதா என்று குண்டூசி விடாமல், பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைத்துப் பாருங்கள். குண்டூசி விட்டவர்கள் புது மைக் வாங்கியிருக்கிறார்கள்.

முதல் சொல் விழுந்துவிடுகிறது. பொத்தானை அமுக்கி ஒரு விநாடி கழித்துப் பேசுங்கள். டோனைக் கண்டுகொள்ளக் கேட்கும் செட்டுக்கு அந்த நேரம் வேண்டும். அப்படியும் விழுந்தால் கேட்பவர் செட்டில், சேனல்களை மாறி மாறித் தேடும் ஸ்கேன் ஓடுகிறது.

## பக்கத்தில் வேறொரு செட் பேசினால் நம் செட் செவிடாகிறது

கட்டுப்பாட்டு மேசைகளில் வரும் வியாதி. நான்கு சேனலுக்கு நான்கு செட்டை வரிசையாகச் சார்ஜரில் நிறுத்தியிருப்பார்கள். ஒன்று பேசும்போது அதன் பலத்தில் மற்றவற்றின் காது அடைத்துவிடும். ஒரே சேனல் என்றால் ஊளையே இடும்.

முதலில் தள்ளி வையுங்கள். நாலு மீட்டர் கூடப் பெரிய வித்தியாசம் தரும். வெளி ஆன்டெனாக்கள் என்றால் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைக்காமல், ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கம்பத்தில் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். மேசைச் செட்டுகளின் சக்தியைக் குறையுங்கள்.

இரண்டு சேனலில் ஒரே நேரத்தில் பேசும்போது மட்டும் மூன்றாவதில் கலவையான பேச்சு வந்தால், அது அலைக் கலப்பு. சம இடைவெளிச் சேனல்களில் இது எளிதாக வரும். 446.00625, 446.01875 மெகா ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்தால் சரியாக 446.03125-இல் ஒரு பேய்ச் சேனல் பிறக்கும். இரண்டாவதை இரட்டித்து முதலாவதைக் கழித்துப் பாருங்கள். அடுத்தடுத்த மூன்று சேனலை ஒரே மேசைக்கு எடுக்காமல் 1, 2, 5 என்று ஒழுங்கற்ற இடைவெளியில் எடுத்தால் தப்பிக்கலாம். பேச்சை வாங்கி வலுவாக்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் உள்ள இடத்தில் இது வந்தால் கைவைக்காதீர்கள். அதற்கு வடிகட்டியும், அலைகளைத் திரையில் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரும் வேண்டும், தொழில்நுட்பரை அழையுங்கள்.

## முன்பு எட்டிய தூரம் இப்போது எட்டவில்லை

பேட்டரி, ஆன்டெனா, கம்பி, இந்த வரிசையில் பாருங்கள். இடுப்பில் மாட்டிக்கொண்டு தோள் மைக்கில் பேசுகிறவரிடம் செட்டைக் கையில் எடுத்து, முகத்துக்கு நேரே, நிமிர்த்திப் பிடித்துப் பேசச் சொல்லுங்கள். பாதிப் புகார் அங்கேயே தீரும். ஆன்டெனா தளர்ந்திருந்தால் கையால் இறுக்குங்கள். வேறு செட்டின் ஆன்டெனாவை மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்; தாழ்ந்த அலைவரிசைக்கான விஎச்எஃப் ஆன்டெனாவும் உயர்ந்த அலைவரிசைக்கான யுஎச்எஃப் ஆன்டெனாவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆன்டெனா இல்லாமல் பேசும் பொத்தானைத் தொடாதீர்கள். உரிமம் தேவையில்லாத பல வகைச் செட்டுகளில் ஆன்டெனா கழலாதபடி இருப்பது விதிப்படியே. அறுத்துப் பெரியது மாட்ட நினைக்காதீர்கள்.

கம்பத்து ஆன்டெனா என்றால், அனுப்பும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரை இணையுங்கள். 1.5-க்குக் கீழே என்றால் கவலையில்லை. 3-க்கு மேலே என்றால் பேசுவதை நிறுத்துங்கள். பெரும்பாலும் மேல் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருக்கும். கம்பத்தில் ஏறுவது பழகிய ஆளின் வேலை.

## வேண்டுமென்றே தொந்தரவு செய்கிறார்கள்

பாட்டுப் போடுவது, நம் பேச்சைத் திருப்பிச் சொல்வது, திட்டுவது. பதில் சொல்லாதீர்கள், ஒரு சொல் கூட. அவருக்கு வேண்டியது அதுதான். முன்பே ஒரு மாற்றுச் சேனலை எல்லோரிடமும் தாளில் கொடுத்து வைத்திருங்கள். ரேடியோவில் ‘ஒன்பதுக்கு வாங்க’ என்று சொன்னால் அவரும் வருவார். ‘மாற்று’ என்று மட்டும் சொல்லுங்கள்.

அவசர உதவிக் குரல் வந்தால் யார் சேனல் என்று பார்க்காமல் எல்லோரும் நிறுத்திக்கொண்டு வழிவிட வேண்டும்.

மூன்று நான்கு நாளுக்கு மேல் நீடித்தால் அலைவரிசையைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்துக்குப் புகார் கொடுங்கள். “எப்பவும் தொந்தரவு” என்று எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அலைவரிசை, என்ன கேட்டது, நீங்கள் நின்ற இடம், முதுகு எந்தத் திசையில் இருந்தபோது மங்கியது. போனில் பதிந்த ஒரு நிமிட ஒலியும் சேர்த்துக் கொடுங்கள். தனியார் தொழில்நுட்பரை அழைத்தாலும் அவர் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். தாள் இல்லாவிட்டால் அவர் வரும் நாளில் பிழை வராது.